கோர்ட்டுக்குப் போகும் பிள்ளையும் அப்பாவின் கையெழுத்தும்

பள்ளிக்கூடத்தில் பிக்னிக் கூட்டிப் போவதற்கே அப்பா, அம்மா கையெழுத்து கேட்கிறார்கள். கோர்ட்டில் ஒரு சின்னப் பிள்ளை சாட்சி சொல்ல வேண்டுமென்றால்? இங்கே புனேயில், ஆபீஸ் கேண்டீனில் கிளம்பிய கேள்வி இது. "கண்டிப்பா பெத்தவங்க சம்மதம் வேணும்" என்றார்கள் பலர். எனக்குச் சந்தேகம். கொஞ்சம் சரித்திரத்தைப் புரட்டினேன்.

சம்மதம் என்ற பேச்சே சட்டத்தில் இல்லை!

1779-இல் இங்கிலாந்தில் பிரேசியர் வழக்கு. பாதிக்கப்பட்ட சிறுமிக்கு ஏழு வயதுகூட ஆகவில்லை. சாட்சிக்கு வயது வரம்பு கிடையாது, சத்தியப் பிரமாணத்தின் பொருள் பிள்ளைக்குப் புரிகிறதா என்பதே கேள்வி என்றார்கள் நீதிபதிகள்.

நம் நாட்டுக்கு 1872-இல் சாட்சியச் சட்டம் எழுதிய ஸ்டீபன் இன்னும் ஒரு படி மேலே போனார். 118-ஆம் பிரிவில் அவர் கேட்டது இவ்வளவுதான்: கேள்வி புரிகிறதா, அறிவுக்குப் பொருந்தப் பதில் வருகிறதா? 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள புதிய சட்டத்திலும் (124-ஆம் பிரிவு) அதேதான்.

அப்போ சத்தியம்? 1951 டிசம்பரில், ராஜஸ்தானைச் சேர்ந்த எட்டு வயதுச் சிறுமியின் வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. அவளுக்குப் பிரமாணம் செய்து வைக்கவில்லை. அதனால் சாட்சியம் செல்லாமல் போகாது என்று எழுதினார் நீதிபதி விவியன் போஸ். உண்மை பேச வேண்டும் என்பது பிள்ளைக்குத் தெரிகிறதா என்று பார்த்து, நீதிபதி அதைப் பதிவு செய்ய வேண்டும் என்றும் சொன்னார். 1969-ஆம் ஆண்டுச் சட்டப்படி, சத்தியத்தின் பொருள் விளங்காத 12 வயதுக்குட்பட்ட பிள்ளைக்குப் பிரமாணமே தேவையில்லை.

சரி, பெற்றோரை ஏன் கேட்கவில்லை? மத்தியப் பிரதேசத்தில் 2003-இல் நடந்த ஒரு கொலையைப் பாருங்கள். செத்தது அம்மா. குற்றவாளிக் கூண்டில் அப்பா. பார்த்தது ஏழு வயது மகள். யாரிடம் போய்ச் சம்மதம் வாங்குவது? உயர் நீதிமன்றம் நம்பாமல் ஒதுக்கிய அவள் சாட்சியத்தை, 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ஏற்று அப்பாவின் தண்டனையை உறுதி செய்தது.

அதற்காகப் பிள்ளையைத் தனியே விட்டுவிடுவதும் இல்லை. பாலியல் குற்ற வழக்குகளுக்கான 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி, பிள்ளை நம்பும் ஒருவர் உடனிருக்கலாம். வக்கீல் நேராகக் குடையக் கூடாது. நீதிபதி வழியாகத்தான் கேட்க வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவர் பிள்ளையின் கண்ணில் படவும் கூடாது.

பக்கத்தில் உட்காரப் பெற்றவர்களுக்கு இடம் உண்டு. "வாயைத் திறக்காதே" என்று தடுக்கத்தான் இடமில்லை.