ஷூ பாலிஷ் பூசின ஸ்ட்ராடிவேரியஸ்

ஒரு வயலினுக்கு எவ்வளவு தொகைக்கு இன்சூரன்ஸ் எடுக்கறது? செஞ்சவர் யாரு, எந்த வருஷம், இப்ப எந்த நிலைமையில இருக்கு, அதே மாதிரி வயலின் சமீபத்துல என்ன விலைக்குப் போச்சு - இதையெல்லாம் பாத்து நிபுணர் ஒரு தொகை எழுதிக் கொடுப்பார். அந்தத் தொகை அன்னிக்குச் சரி. அப்புறம்?

'கிப்ஸன்' வயலின் கதையைக் கேளுங்க. 1713-ல் ஸ்ட்ராடிவாரி செஞ்சது. 1936 பிப்ரவரி 28, நியூயார்க் கார்னகி ஹால். ப்ரோனிஸ்லாவ் ஹூபர்மான் தன்னோட இன்னொரு வயலினை மேடையில வாசிச்சிட்டிருந்தப்ப, அறையில இருந்த கிப்ஸன் அபேஸ்! லண்டன் லாயிட்ஸ் 30,000 டாலர் கொடுத்து கணக்கை முடிச்சுது.

வயலின் போய்ச் சேர்ந்தது ஜூலியன் ஆல்ட்மன்ங்கற கலைஞர்கிட்ட. அடையாளம் தெரியாம இருக்க ஷூ பாலிஷ் பூசி, கிட்டத்தட்ட 50 வருஷம் வாசிச்சார். 1985-ல் சாகக் கிடந்தப்பதான் மனைவிகிட்ட உண்மையைச் சொன்னார்.

ஹூபர்மான் 1947-லயே காலமாயிட்டார். இழப்பீடு வாங்கியாச்சுன்னா பொருள் இன்சூரன்ஸ்காரங்களுக்குத்தான் சொந்தம். அதனால வயலின் லாயிட்ஸுக்கே போச்சு. திருப்பிக் கொடுத்த ஆல்ட்மன் மனைவிக்கு சன்மானம் மட்டும் 2,63,000 டாலர்! 1988-ல் நார்பர்ட் ப்ரைனின் 12 லட்சம் டாலருக்கு வாங்கினார். 2001-ல் ஜோஷுவா பெல் கொடுத்தது ஏறக்குறைய 40 லட்சம்.

விலைவாசி ஏத்தத்தைச் சேர்த்துப் பாத்தேன். 1936-ன் 30,000 டாலர், 1988-ல் சுமார் இரண்டரை லட்சம்தான். சன்மானத்துக்கே பத்தாது!

பழைய வாத்தியம் வச்சிருக்கற மக்களே, பாலிசியில எழுதின தொகை எந்த வருஷத்துதுன்னு ஒரு தடவை எடுத்துப் பாருங்க.