சுவாமியார் இல்லாத 29 ஆண்டுகள்

யூபிலி மலர்களில் வரலாறு எழுதும்போது, பங்கில் பணியாற்றிய குருக்களின் பெயர்களையும் அவர்கள் எழுப்பிய கட்டடங்களையும் வரிசைப்படுத்துவது வழக்கம். இம்மலரிலும் அவை உள, இருக்கவும் வேண்டும். ஆயினும், குருவும் இன்றி, தமக்கென்று கோயிலும் இன்றி யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கர் வாழ்ந்த காலம் ஒன்று உண்டு. அன்பான பங்கு மக்களே, அக்காலத்தைப் பற்றியே நாம் இங்கு எழுத விரும்புகிறோம்.

1658ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், மூன்று மாதங்களுக்கு மேற்பட்ட முற்றுகையின் பின், யாழ்ப்பாணக் கோட்டை ஒல்லாந்தர் கையில் வீழ்ந்தது. போர்த்துக்கேயரோடு அவர்களுடைய குருக்களும் நாடு கடத்தப்பட்டனர். கத்தோலிக்க குருவுக்கு அடைக்கலம் கொடுப்பவருக்கு மரண தண்டனை என்று பறை சாற்றப்பட்டது. கோயில்கள் ஒல்லாந்த சீர்திருத்த சபையின் போதகர்களுக்குரியவையாயின. அவர்களுள் பல்தேயு என்பவர் இவ்விடத்துக் கோயில்களையும் பள்ளிக்கூடங்களையும் பற்றி எழுதிய நூல் 1672இல் ஒல்லாந்தில் அச்சாயிற்று. எமது மக்களின் வரலாற்றுக்கு, எம்மை எதிர்த்தவர் ஒருவரின் எழுத்திலும் நாம் சான்று தேட வேண்டியிருப்பது இறைவனின் விளையாட்டுப் போலும்!

1658 தொடங்கி 1687 வரையில், நிலையாகத் தங்கிப் பணிபுரிய ஒரு குருவானவர்கூட யாழ்ப்பாணத்தில் இல்லை. இருபத்தொன்பது ஆண்டுகள் என்று வாயாற் சொல்லிவிடுவது எளிது. கோட்டை விழுந்த ஆண்டில் பிறந்த பிள்ளை வளர்ந்து, கலியாணஞ் செய்து, தன் பிள்ளைகளுக்குச் செபம் சொல்லிக்கொடுக்கும் வயதையும் அடைந்துவிடும். ஆனால் பூசை என்றால் எப்படியிருக்கும் என்று கண்ணாற் கண்டிராது. பாவசங்கீர்த்தனம் இல்லை, நற்கருணை இல்லை, அவஸ்தைப்பூசுதல் இல்லை. சாகும் தறுவாயில் உத்தம மனஸ்தாப மந்திரம் ஒன்றே துணை.

மக்களின் நெருக்கடி இதனோடு முடியவில்லை. பிறப்பு, விவாகப் பதிவுகளெல்லாம் ஒல்லாந்தருடைய கோயிற் பள்ளிக்கூடங்களிலேயே நடந்தன. பதியாத கலியாணம் கலியாணமாகாது. அதிற் பிறந்த பிள்ளைக்கு முதுசத்தில் உரிமை கேட்பது கடினம். அரசாங்க உத்தியோகம் வேண்டுமாயின் அவர்களுடைய சபையில் இருக்க வேண்டும். ஆகவே பலர் பகலில் அங்கு போய்ப் பெயரைப் பதிந்துகொண்டனர். இரவில் வீட்டுக் கதவைச் சாத்திச் செபமாலை சொல்லினர். வேறு சிலர் முழுமையாகவே அப்பக்கம் போய்விட்டனர். பதிவேட்டிற் பெயர் கொடுத்தவர்களைக் கோழைகள் என்று ஏசும் பிரசங்கங்களை நாம் கேட்டிருக்கிறோம். அது நியாயமன்று என்பது எமது எண்ணம். பிள்ளைகளின் காணித்துண்டைக் காக்கப் பயந்தவர்களை, ஆபத்தில்லாத காலத்திற் பிறந்த நாம் தீர்ப்பிடலாகாது. அவர்கள் வீட்டிற் செபித்த செபந்தான் விசுவாசத்தை எங்கள் கையிற் தந்தது.

சிலர் வேறு வழியைத் தேடினர். 1670ஆம் ஆண்டை ஒட்டி, மாந்தையிலிருந்த 20 குடும்பங்கள் தேவதாயின் திருச்சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குட் சென்று, மருதமடுவில் குடியேறின என்பது மடுத்திருப்பதியின் மரபு. அத்திருச்சுரூபம் 2008ஆம் ஆண்டு ஏப்ரலில் யுத்தத்தின் காரணமாகத் தேவன்பிட்டிக்குக் கொண்டுசெல்லப்பட்டு, ஓகஸ்டில் மீண்டும் மடுவுக்கு வந்ததை நீங்கள் அறிவீர்கள். 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் கடைசியில் வலிகாமத்தை விட்டுப் புறப்பட்ட இரவில், வீட்டுச் சுவரிலிருந்த திருஇருதயப் படத்தைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு நடந்த தாய்மாருக்கு, மாந்தைக் குடும்பங்களின் கதையை நாம் விளக்கவேண்டியதில்லை.

இனி, அந்த 29 ஆண்டுகள் முடிவுற்ற விதத்தைப் பார்ப்போம். 1651ஆம் ஆண்டு ஏப்ரல் 21ந் திகதி கோவா நாட்டுப் பெனோலிம் என்னும் ஊரில் யோசே வாஸ் பிறந்தார். குருப்பட்டம் பெற்றபின், இலங்கையில் மந்தை மேய்ப்பனின்றிக் கிடக்கிறது என்று கேள்வியுற்று, தம்மை அங்கு அனுப்பும்படி 1681இல் கேட்டார். மேலிடத்தார் அவரைக் கன்னட நாட்டுக்கே அனுப்பினர். வாதாடாமற் போனார். மூன்று ஆண்டுகள் அங்கே உழைத்துத் திரும்பி, 1685இல் கோவாவில் ஒரத்தோரியார் சபையிற் சேர்ந்தார். இலங்கையில் மக்கள் காத்திருந்தனர். கோவாவில் அவரும் காத்திருந்தார். ஒருவரையொருவர் அறியார். இரு பக்கத்துக் காத்திருப்பையும் ஒருவர் மட்டுமே கண்டுகொண்டிருந்தார்.

1686இல் யோவான் என்னும் பணியாளோடு கோவாவை விட்டுப் புறப்பட்ட அடிகளார், தூத்துக்குடியிலிருந்து கூலிக்காரனைப் போல் வேடம் பூண்டு கடல் கடந்து, 1687இல் யாழ்ப்பாணத்துக்கு வந்து சேர்ந்தார். வந்ததும் வயிற்றோட்டத்தில் விழுந்தார். ஊர் பேர் தெரியாத அப்பரதேசிக்குக் கஞ்சி கொடுத்துக் காப்பாற்றியவள் ஒரு பெண். அவளுடைய பெயரை வரலாறு எழுதிவைக்கவில்லை. மேற்றிராணிமாரின் பெயர்களையெல்லாம் எழுதிவைத்த வரலாறு இதையும் எழுதியிருக்கலாம்! அந்தக் கஞ்சி இல்லாவிடில் இலங்கைத் திருச்சபையின் கதை வேறாகியிருக்கும்.

சுகமடைந்தபின் அடிகளார் கையாண்ட உபாயம் மிக எளியது. கழுத்திற் செபமாலையை அணிந்துகொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டார். "நான் குரு" என்று சொன்னால் ஆபத்து. செபமாலையைக் கண்டதும் யாருடைய முகம் மாறுகிறது என்பதை மாத்திரம் கவனித்தார். குரு ஒருவரைக் காணாமலே ஒரு தலைமுறை வளர்ந்துவிட்ட மக்கள் அம்மாலையைக் கண்டதும் இன்னதென்று அறிந்துகொண்டனர் என்றால், ஒவ்வொரு வீட்டிலும் மாலை வேளையில் அது கையில் எடுக்கப்பட்டதே காரணம். சில்லாலை மக்கள் அவரை ஏற்றுக்கொண்டனர். அவ்வூரைத் தளமாக வைத்து, இரவில் ஊர் ஊராகச் சென்று பூசை நிறைவேற்றினார். ஒல்லாந்தர் மோப்பம் பிடித்தனர். ஒரு நத்தார் இரவில் கூடியிருந்த கத்தோலிக்கர் பிடிக்கப்பட்டுச் சாட்டையடி பட்டனர். அடியினால் இறந்தவரும் உளர். குருவைக் காட்டிக்கொடுத்தவர் எவருமில்லை.

பின்னர் அவர் புத்தளத்துக்கும், 1692இல் கண்டிக்கும் சென்றதும், அங்கு போர்த்துக்கேய ஒற்றன் என்று சிறையிடப்பட்டதும், அரசன் மனம் மாறி அவருக்குச் சுயாதீனம் அளித்ததும், 1697இல் வைசூரி பரவியபோது கைவிடப்பட்ட நோயாளரைத் தம் கையாற் பராமரித்ததும் நீங்கள் மறையுரைகளிற் கேட்டவையே. 1711ஆம் ஆண்டு ஜனவரி 16ந் திகதி கண்டியில் மரித்தார். 1995இல் அருளப்பர் சின்னப்பர் பாப்பரசரால் கொழும்பில் முத்திப்பேறு பெற்றவராகவும், 2015ஆம் ஆண்டு ஜனவரி 14ந் திகதி பிரான்சிஸ் பாப்பரசரால் காலிமுகத்திடலில் புனிதராகவும் உயர்த்தப்பட்டார். கத்தோலிக்கருக்கெதிரான சட்டங்கள் நீங்கியது 1806இல், ஆங்கிலேயர் காலத்தில். அடிகளாருடைய கண்கள் அதைக் காணவில்லை.

இவற்றை ஏன் இப்போது எழுதுகிறோம்? எமது பங்கில் இன்று கோயில் உண்டு, மணி உண்டு, ஞாயிறு தோறும் பூசை உண்டு. ஆனால் வீடு சந்திக்கப் போகும்போது, மாலை ஏழு மணிக்குச் செபம் சொல்லும் வீடுகளை விரல்விட்டு எண்ணலாம் போலிருக்கிறது. பிள்ளைகள் ரியூசன் முடிந்து வரப் பிந்துகிறது. வந்ததும் ஆளுக்கொரு கைத்தொலைபேசி. பாதிக் குடும்பம் கனடாவிலும் பிரான்சிலும். "சுவாமி, நீங்கள் கோயிலிற் செபிக்கிறீர்கள்தானே" என்கின்றனர் சிலர். செபிக்கிறோம். ஆயினும் 1687இல் யோசே வாஸ் அடிகளாரை அடையாளங் கண்டது கோயிலன்று, வீடு. குருவாகிய நாமே இதைச் சொல்வது சிலருக்கு வேடிக்கையாக இருக்கலாம்.

அடிகளாரின் பின், 1705இல் வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் சுவாமியார் தமிழிலும் சிங்களத்திலும் பல நூல்களை எழுதினார். தவசு காலத்தில் எமது ஆலயத்தில் மூப்பர்மார் முறைவைத்துப் படிக்கும் வியாகுலப் பிரசங்கம் அவருடையதே. அதன் கையெழுத்துப் பிரதிகள் சில, பெட்டகத்தின் அடியிலோ பரணிலோ, இப்பங்கின் பழைய வீடுகளில் இன்னும் இருக்கக்கூடும். இருப்போர் யூபிலித் திருநாளுக்கு முன் அறைவீட்டுக்குக் கொண்டுவந்தால், நகல் எடுத்தபின் அன்றே திருப்பிக் கொடுப்போம். கறையான் அரித்ததாயினும் கொண்டுவாருங்கள்.