கேரளக் கால்பந்து: செவன்ஸ் களமும் கிளப்புகளும்

கேரளத்தில் கால்பந்து ஆழமாக வேரூன்றிய மண் மலபார். மலப்புறத்தில் முகாமிட்டிருந்த ஆங்கிலேயப் பட்டாளத்திடமிருந்தும், 1921 மாப்பிள்ளைக் கிளர்ச்சியை ஒட்டி உருவான மலபார் சிறப்புக் காவல் படையிடமிருந்தும் இந்த ஆட்டம் ஊராருக்குத் தொற்றியது. திருவல்லா பாப்பன் 1948 லண்டன் ஒலிம்பிக்கில் ஆடினார். 1956 மெல்போர்னில் நான்காம் இடம் பிடித்த இந்திய அணியில் கோழிக்கோட்டு ரஹ்மான் இருந்தார்.

பதினோரு பேர் ஆடும் அளவுக்கு மைதானம் இல்லாத ஊர்கள் ஏழு பேரோடு ஆடின. அதுதான் செவன்ஸ். அறுவடை முடிந்த வயல்களில் பிறந்த இந்த ஆட்டத்தின் பருவம் இன்றும் மழை ஓய்ந்த நவம்பரில் தொடங்கி மே வரை நீள்கிறது. பாக்கு மரத்தாலும் மூங்கிலாலும் தற்காலிக கேலரி கட்டுவார்கள். இரவில் விளக்கொளியில் ஆட்டம் நடக்கும். டிக்கெட் வசூலில் ஒரு பகுதி பல ஊர்களில் நோயாளிகளின் பராமரிப்புக்குப் போகிறது. களம் சிறியது என்பதால் பந்து நின்று நிதானிக்க இடமில்லை. வேகமும் உடல்பலமும்தான் செல்லுபடி. நைஜீரியா, கானா, லைபீரியா, ஐவரி கோஸ்ட் நாட்டு வீரர்களைப் பணம் கொடுத்து வரவழைக்கும் வழக்கம் வந்த பிறகு ஆட்டம் இன்னும் முரட்டுத்தனமானது. அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம் செவன்ஸை அங்கீகரிக்கவில்லை. ஆனாலும் தேசிய அணிக்குப் போன மலப்புறத்து வீரர்கள் பலர் பயின்ற பள்ளிக்கூடம் அதுதான். கேலரியின் பாதுகாப்பு மட்டும் இன்றுவரை தீராத குறை. 2022 மார்ச்சில் மலப்புறம் மாவட்டத்துப் பூங்ஙோட்டில் கேலரி சரிந்து ஏராளமானோர் காயமடைந்தார்கள்.

பதினொருவர் ஆட்டத்துக்குச் சோறு போட்டவை நிறுவனங்கள். பிரீமியர் டயர்ஸ், டைட்டானியம், கேரளக் காவல்துறை போன்ற அணிகளில் ஆடினால் வேலை உறுதி. 1952இல் தொடங்கிய கோழிக்கோட்டு சேட் நாக்ஜி கோப்பை, திருச்சூரின் சாக்கோளா கோப்பை போன்ற போட்டிகள் நாட்டின் பெரிய அணிகளை வரவழைத்தன.

1973இல் எர்ணாகுளத்தில் நடந்த இறுதிப்போட்டியில் ரயில்வேயை 3-2 என வென்று கேரளம் தேசிய அளவிலான சந்தோஷ் கோப்பையை முதன்முறையாகக் கைப்பற்றியது. மூன்று கோல்களும் கேப்டன் மணி அடித்தவை. அந்த அணியின் பயிற்சியாளர் தமிழகத்தின் சைமன் சுந்தரராஜ். 1960 ரோம் ஒலிம்பிக்கில் பெரு அணிக்கு எதிராக கோல் அடித்தவர். அடுத்த கோப்பைக்குக் கேரளம் 1992 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அது கோயம்புத்தூரில் கிடைத்தது. கடைசியாக 2018இல் கொல்கத்தாவிலும் 2022இல் மஞ்சேரியிலும், இரண்டு முறையும் வங்காளத்தைப் பெனால்டியில் வீழ்த்தி, மொத்தக் கணக்கை ஏழாக உயர்த்தியது.

பொற்காலம் என்று சொல்லத் தகுந்தது காவல்துறை அணியின் காலம். வி.பி. சத்யன், ஐ.எம். விஜயன், சி.வி. பாப்பச்சன், யூ. ஷரஃப் அலி, குரிகேஷ் மேத்யூ ஆகியோர் ஒரே சட்டையில் ஆடினார்கள். 1990இல் திருச்சூரிலும் 1991இல் கண்ணூரிலும் அந்த அணி ஃபெடரேஷன் கோப்பையை வென்றது. திருச்சூர் மைதானத்தில் சோடா விற்ற சிறுவன்தான் பின்னாளில் இந்திய அணியின் கேப்டனாக உயர்ந்த விஜயன்.

தொழில்முறைக் கிளப்புகளின் கதை வேறு. 1997இல் உருவான எஃப்.சி. கொச்சின் அதே ஆண்டு மோகன் பகானை வீழ்த்தி டூரண்ட் கோப்பையை வென்றது. பணமுடையில் சிக்கி 2002இல் மூடப்பட்டது. 2004இல் தோன்றிய விவா கேரளாவும் கைமாறி, பெயர் மாறி, மறைந்தது. பார்வையாளருக்கு ஒருநாளும் பஞ்சமில்லை. செவன்ஸுக்கு ஊர் பணம் கொடுத்தது, காவல்துறை அணிக்கு அரசு சம்பளம் கொடுத்தது. இந்தக் கிளப்புகளுக்கு அப்படி நிலையான கை எதுவும் வாய்க்கவில்லை.

2014இல் இந்தியன் சூப்பர் லீக்கில் கேரளா பிளாஸ்டர்ஸ் வந்தபோது கொச்சியின் கலூர் மைதானம் மஞ்சள் கடலானது. ஆனால் 2014, 2016, 2022 என மூன்று இறுதிப்போட்டிகளிலும் அந்த அணி தோற்றது. கூட்டம் குறைவாக இருந்த கோகுலம் கேரளாதான் கோப்பைகளைக் குவித்தது: 2019இல் டூரண்ட், அடுத்து 2020-21, 2021-22 பருவங்களில் தொடர்ந்து இரண்டு ஐ-லீக். 2024இல் ஆறு நகர அணிகளோடு தொடங்கிய சூப்பர் லீக் கேரளாவின் முதல் பட்டம் கோழிக்கோட்டுக்குப் போனது.

பெண்கள் ஆட்டத்திலும் கோகுலமே முன்னோடி. இந்திய மகளிர் லீக்கை 2023க்குள் மூன்று முறை வென்றது. அதே 2023இல், பெங்களூரு அணிக்கு எதிரான ஆட்டத்தின் நடுவே களத்தைவிட்டு வெளியேறியதற்காக பிளாஸ்டர்ஸ் ஆண்கள் அணிக்கு 4 கோடி ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. அந்தப் பணச்சுமையைக் காரணம் காட்டி கிளப் தற்காலிகமாக நிறுத்தி வைத்தது மகளிர் அணியை.