டிகிரியை உதறிய கெல்வின்

'டிகிரி கெல்வின்' என்று எழுதும் பழக்கம் இன்னும் முற்றாகப் போகவில்லை. 1967-ல் கூடிய 13-ஆவது எடை, அளவுகளுக்கான பொது மாநாடு அந்த டிகிரியை நீக்கி, அலகின் பெயர் கெல்வின் மட்டுமே என்று முடிவு செய்தது. இதை எழுத்துச் சிக்கனம் என்று ஒதுக்குவோர் உண்டு. பொருள் மாறியதால்தான் சொல்லும் மாறியது என்பது என் துணிபு. டிகிரியின் வேரான லத்தீன் 'கிராதுஸ்', படியைக் குறிப்பது. பனிக்கட்டி உருகும் நிலையைச் சுழி என்று நாமாக வைத்துக்கொண்டு மேலும் கீழும் படி எண்ணுவது செல்சியஸ் முறை. 20 டிகிரி, 10 டிகிரியின் இருமடங்கு ஆகாது. கெல்வினோ முதலில் கிளாஸ்கோவில் ஓடும் ஓர் ஆற்றின் பெயர். 1892-ல் பிரபுவான வில்லியம் தாம்சன் அதைத் தம் பட்டப்பெயராகக் கொண்டார். பாதரசம், காற்று என எந்தப் பொருளின் இயல்பையும் சாராத ஒரு வெப்பநிலை அளவை, கார்னோவின் வெப்ப எந்திரக் கோட்பாட்டிலிருந்து அவர் 1848-லேயே முன்மொழிந்திருந்தார். அதற்கும் கீழே குளிர முடியாத தனிச்சுழியோடு ஒரே ஒரு நிலைப்புள்ளி போதும் என்று 1854-ல் அவர் சொன்னது, 1954-ல்தான் பனிக்கட்டி, நீர், ஆவி மூன்றும் சேர்ந்திருக்கும் நீரின் மும்மைப் புள்ளி 273.16 என்ற வரையறையாயிற்று. அப்போதும் பெயரில் டிகிரி ஒட்டிக்கொண்டிருந்தது.

ஒரு கெல்வினும் ஒரு டிகிரி செல்சியஸும் ஒரே அளவு இடைவெளிதானே, 273.15-ஐக் கூட்டுவதைத் தவிர என்ன வேறுபாடு என்று கேட்கலாம். இதற்குத் திரவ ஹீலியம் விடை சொல்லும். தாம்சன் மறைந்த ஏழாம் மாதம், 1908 ஜூலை 10 அன்று, லெய்டனில் காமர்லிங் ஆன்னஸ் ஹீலியத்தை முதன்முதலாகத் திரவமாக்கினார். அது கொதிப்பது 4.2 கெல்வினில். ஆவியைப் பம்பினால் உறிஞ்ச உறிஞ்சத் திரவம் குளிர்ந்துகொண்டே குமுறும், 2.17 கெல்வினில் சட்டென்று அடங்கி, ஒரு குமிழிகூட இல்லாமல் தெளியும். வெப்பத்தை அது அவ்வளவு விரைவாகக் கடத்துவதால் உள்ளே எந்த இடமும் குமிழிவிடும் அளவுக்குச் சூடேறுவதில்லை. மேற்பரப்பு மட்டும் ஆவியாகிறது. மிக நுண்ணிய இடுக்கிலும் பாகுநிலைத் தடையின்றி அது பாய்வதை மாஸ்கோவில் கபிட்சாவும், கேம்பிரிட்ஜில் ஆலனும் மைஸ்னரும் கண்டு 1938-ல் வெளியிட்டார்கள். மீக்கடத்தியை ஒட்டி அதற்கு மீப்பாய்மம் என்று பெயரிட்டவர் கபிட்சா. இவ்வளவு பெரிய மாற்றம் செல்சியஸில் −269-க்கும் −271-க்கும் இடையே இரண்டு படி இறக்கமாகத்தான் தெரிகிறது. கெல்வினில் பார்த்தால் வெப்பநிலை ஏறக்குறைய பாதியாகியிருக்கிறது. 300 கெல்வினில் இருக்கும் ஓர் அறை அதே விகிதத்தில் குளிர்ந்தால் செல்சியஸில் −118-க்குப் போய்விடும். படிகளை மட்டும் எண்ணுபவருக்கு இந்த விகிதம் அகப்படாது.

கெல்வினின் அளவே செல்சியஸிடம் கடன் வாங்கியதுதானே என்பது இதைவிட வலுவான தடை. உண்மைதான்; சுழி இயற்கையுடையது, அலகின் பருமன் மனிதர் வைத்தது. இருந்தும் 2019 மே 20 முதல் அந்தப் பருமனை நிறுத்துவது நீரன்று, 1.380649×10⁻²³ என்று நிலைநாட்டப்பட்ட, வெப்பநிலையை ஆற்றலோடு இணைக்கும் போல்ட்ஸ்மன் மாறிலி. அதே நாளில் பொருளின் அளவுக்கான அலகாகிய மோலும் 12 கிராம் கார்பன்-12-ஐ விட்டு 6.02214076×10²³ துகள்கள் என்ற எண்ணில் நின்றது. இவ்விரு எண்களையும் பெருக்கினால் வருவது, வேதியியல் மாணவர் நல்லியல்பு வாயுச் சமன்பாட்டில் இடும் 8.314. அந்தச் சமன்பாட்டில் வெப்பநிலைக்குச் செல்சியஸ் எண்ணை இட்டால், பனிக்கட்டி உருகும் குளிரிலேயே எல்லா வாயுக்களின் அழுத்தமும் சுழியாகிவிடும்.