முதல் மாத்திரைக்கு முன்: பக்கவிளைவை நிறுத்துப் பார்த்த வரலாறு

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தன் 22ஆம் பிரிவில் இரண்டு உரிமைகளை அடுத்தடுத்து வைக்கிறது. தனக்கு வந்திருக்கும் நோயின் தன்மை, தரப்படவிருக்கும் சிகிச்சை, அச்சிகிச்சையின் அறியப்பட்ட பக்கவிளைவுகள் ஆகியவற்றை அறிந்துகொள்ளும் உரிமை முதலாவது. அவற்றைத் தனக்குப் புரியும் மொழியிலும் வடிவிலும் பெறும் உரிமை இரண்டாவது. பெங்களூரு நகர ரயில் நிலையத்தை ஒட்டியுள்ள ஒக்கலிபுரம் போன்ற தமிழர் வாழும் பகுதிகளில் இவ்விரண்டாம் உரிமையின் பொருள் எளிதில் விளங்கும். மருந்துச் சீட்டு ஆங்கிலத்தில் இருக்கும். விளக்கம் கன்னடத்தில் வரும். வீட்டில் எழும் அச்சமோ தமிழில் பேசும். இம்மூன்றுக்கும் இடையில் எதையும் கேட்காமலேயே முதல் மாத்திரையை விழுங்குவோரும், எதையும் கேட்காமலேயே அதைத் தூக்கி எறிவோரும் உண்டு.

மருந்தைத் தொடங்கும் முன் அதன் நன்மையையும் தீமையையும் நோயாளி அறிந்திருக்க வேண்டும் என்பது இன்று இயல்பான எதிர்பார்ப்பாகத் தோன்றலாம். ஆயினும் உளமருத்துவ வரலாற்றில் தராசு நெடுங்காலம் மருத்துவரின் கையில் மட்டுமே இருந்தது. அது கைமாறிய கதையில் பெங்களூருக்கும் பங்குண்டு.

பெங்களூரில் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே மனநோயாளர் காப்பகம் ஒன்று இயங்கியது. 1925இல் அது மனநல மருத்துவமனை எனப் பெயர் மாறியது. 1930களின் பிற்பகுதியில் லக்கசந்திராவிலுள்ள இன்றைய வளாகத்துக்கு இடம்பெயர்ந்தது. அதன் கண்காணிப்பாளராக விளங்கிய எம். வி. கோவிந்தசாமி, 1954இல் அங்குத் தொடங்கப்பட்ட அகில இந்திய மனநல நிறுவனத்தின் முதல் இயக்குநரானார். மருத்துவமனையும் இந்நிறுவனமும் 1974இல் இணைந்தே நிம்ஹான்ஸ் உருவாயிற்று. கோவிந்தசாமியின் தலைமுறை கையாண்ட சிகிச்சைகள் கடுமையானவை: இன்சுலின் செலுத்தி உணர்விழக்கச் செய்தல், கார்டியசால் ஊசியால் வலிப்பை உண்டாக்குதல், மின்னதிர்ச்சி, மூளையின் முன்மடல் இழைகளை அறுத்தல். முன்மடல் அறுவையை இந்திய நோயாளிகளிடம் செய்து பார்த்த அனுபவத்தை அவரும் அறுவை மருத்துவர் பாலகிருஷ்ண ராவும் 1944இல் லான்செட் இதழில் எழுதினர். இன்சுலின் மயக்கத்திலிருந்து மீளாமல் இறந்தோர் உலகெங்கும் இருந்தனர். அறுத்த இழையை மீண்டும் ஒட்டவும் வழியில்லை. வேறு எதுவும் கைவசம் இல்லாத நிலையில், இழப்பதற்கு இனி என்ன இருக்கிறது என்ற எண்ணமே அன்றைய மருத்துவரின் தராசை அழுத்தியது. நோயாளியின் கருத்தைக் கேட்கும் வழக்கம் அப்போது எங்கும் வேரூன்றியிருக்கவில்லை.

இந்நிலையை மாற்றிய முதல் மருந்துகளுள் ஒன்று இந்திய மண்ணிலிருந்தே கிளம்பியது. சர்ப்பகந்தியின் வேர் பித்துக்கு மருந்தாகப் பீகார் போன்ற பகுதிகளில் முன்பே வழங்கிவந்தது. 1931இல் கல்கத்தாவைச் சேர்ந்த கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் ஆகிய இருவரும் அதனை மனநோய்க்கும் உயர் இரத்த அழுத்தத்துக்கும் உரிய மருந்தாக மருத்துவ உலகின் முன் வைத்தனர். ஒரே வேர், இரு வேறு விளைவுகள். மனநோயாளிக்கு இரத்த அழுத்தம் குறைவது பக்கவிளைவு. இரத்த அழுத்த நோயாளிக்கு மனம் மந்தமாவது பக்கவிளைவு. எது மருந்தின் விளைவு, எது பக்கவிளைவு என்பதை வேதிப்பொருள் தீர்மானிப்பதில்லை, உட்கொள்பவரின் தேவையே தீர்மானிக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று அரிது.

1952இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் சீபா நிறுவன வேதியியலாளர் அவ்வேரிலிருந்து ரெசர்பினைப் பிரித்தெடுத்தனர். 1954இல் அமெரிக்க மருத்துவர் நேதன் கிளைன் அதனை மனநோயாளிகளிடம் பயன்படுத்திய முடிவுகளை வெளியிட்டார். சில ஆண்டுகளில் மறுபக்கம் தெரிந்தது: கைநடுக்கம், உடல் விறைப்பு, இரத்த அழுத்தச் சரிவு. இரத்த அழுத்தத்துக்காக அதை உட்கொண்டோரிடையே ஆழ்ந்த மனச்சோர்வும் பதிவாயிற்று. ரெசர்பின் மனச்சோர்வை உண்டாக்கும் என்ற கருத்து பாடநூல்களில் நிலைபெற்றது. ஆனால் 1955இலேயே லண்டனில் டேவிட் டேவிஸ், மைக்கேல் ஷெப்பர்ட் ஆகியோர் நடத்திய ஒப்பீட்டு ஆய்வில், பதற்றமும் சோர்வும் கொண்ட நோயாளிகளுக்கு அதே ரெசர்பின் நன்மை செய்ததாகத் தெரிந்தது. அந்த முடிவு பல காலம் கவனிக்கப்படவில்லை. பக்கவிளைவை அலட்சியம் செய்தல் ஒரு பிழை. தனித்தனிச் செய்திகளைக் கொண்டு அதைப் பெருக்கிக் காட்டுதல் மற்றொரு பிழை. இரண்டுமே தராசைச் சாய்த்துவிடும்.

1952இல் பாரிஸின் செயின்ட்-ஆன் மருத்துவமனையில் ஜான் டிலே, பியேர் தெனிக்கர் ஆகியோர் குளோர்ப்ரோமசினை மனநோயாளிகளுக்குக் கொடுத்து விளைவுகளை அறிவித்தனர். அடுத்த சில ஆண்டுகளில் அது உலகின் மனநல மருத்துவமனைகளுக்குள் நுழைந்தது. வாரக்கணக்கில் கட்டிவைக்கப்பட்டோர் எழுந்து பேசினர், வீடு திரும்பினர். இந்த நன்மை மிகப் பெரிது. ஆனால் அந்த மகிழ்ச்சியினூடே ஒரு விசித்திரமான கருத்தும் பரவியது. விறைப்பும் நடுக்கமும் தோன்றினால்தான் மருந்து வேலை செய்கிறது என்று ஜெர்மானிய மருத்துவர் ஹான்ஸ்-யோவாகிம் ஹாசே போன்றோர் கருதினர். பக்கவிளைவே பலனின் அடையாளம் ஆயிற்று. அப்படி எண்ணுவோரிடம் நோயாளியின் முறையீடு எடுபடுவதில்லை. கை நடுங்குகிறது என்றால் மருந்து பிடித்துவிட்டது என்பதே பதிலாகும்.

1957 முதல் வேறொரு தொல்லை பதிவாகத் தொடங்கியது. நெடுங்காலம் மருந்து உட்கொண்டோரின் வாயும் நாவும் தாமே அசைந்தன; மருந்தை நிறுத்திய பிறகும் சிலருக்கு அது நிற்கவில்லை. பழைய வகை மருந்துகளை உட்கொள்ளும் வயதுவந்தோரில் ஆண்டுக்குச் சுமார் 5 விழுக்காட்டினருக்கு இது தோன்றும் என்று பிற்கால ஆய்வுகள் கணித்தன. நோயாளியிடம் முன்கூட்டியே பேசியாக வேண்டிய பக்கவிளைவு இதுவே. மற்றவை மருந்தைக் குறைத்தால் அகலக்கூடும். இது அகலாமலும் போகலாம்.

அபாயம் மிக்க இரு மருந்துகள் எவ்வாறு நிலைத்தன என்பதும் எண்ணிப் பார்க்கத் தக்கது. ஆஸ்திரேலியாவின் ஜான் கேட் 1949இல் லித்தியத்தால் பித்தெழுச்சி தணிவதை அறிவித்தார். அவரது முதல் நோயாளியே அடுத்த ஆண்டு லித்திய நஞ்சேற்றத்தால் இறந்தார். மருந்துக்கும் நஞ்சுக்கும் இடையில் இருந்த இடைவெளி அவ்வளவு குறுகியது. இரத்தத்தில் லித்தியத்தின் அளவைத் தொடர்ந்து சோதிக்கும் வழக்கம் வந்த பின்னரே அது நம்பிக்கைக்குரியதாயிற்று. கடும் வெயிலில் வியர்த்து உடல் வற்றினால் அந்த அளவு உயரும். வாந்தியும் வயிற்றுப்போக்கும் கூட அதையே செய்யும். நம் கோடையில் லித்தியம் உட்கொள்பவருக்கு இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லாமல் விடுவது உயிரோடு விளையாடுவதாகும்.

க்ளோசபினின் கதையும் அத்தகையதே. 1975இல் பின்லாந்தில் அதை உட்கொண்ட சிலருக்கு இரத்த வெள்ளையணுக்கள் அற்றுப்போய் உயிரிழப்பு நேர்ந்தது. பல நாடுகளில் மருந்து விலக்கப்பட்டது. 1988இல் ஜான் கேன் குழுவினர் வேறு மருந்துகளுக்கு இணங்காத மனச்சிதைவு நோயாளிகளிடம் அதைச் சோதித்தனர். க்ளோசபின் பெற்றோரில் 30 விழுக்காட்டினரும் குளோர்ப்ரோமசின் பெற்றோரில் 4 விழுக்காட்டினரும் தேறினர். ஆகவே மருந்து திரும்பி வந்தது, ஆனால் நிபந்தனையுடன்: தொடக்க மாதங்களில் வாரந்தோறும் இரத்தப் பரிசோதனை. அபாயத்தை மறைத்திருந்தால் க்ளோசபின் மேலும் பலரைக் கொன்றிருக்கும். அபாயத்துக்கு அஞ்சி முற்றிலும் கைவிட்டிருந்தால், மீள வாய்ப்பிருந்த பலர் மீளாமல் போயிருப்பர். அபாயத்தை வெளிப்படையாகச் சொல்லி, கண்காணித்ததே அந்த மருந்தைக் காப்பாற்றிற்று.

சட்டத்தின் வரலாறும் இதே காலத்தில் நடந்தது. அதன் தொடக்கமும் ஓர் உளமருத்துவ வழக்குதான். 1954இல் லண்டனின் ஃப்ரையர்ன் மருத்துவமனையில் ஜான் போலம் என்பவருக்குத் தசைத் தளர்வு மருந்து இன்றி மின்னதிர்ச்சி தரப்பட்டது. எலும்பு முறியும் ஆபத்து உண்டு என்று அவரிடம் முன்னதாகக் கூறப்படவில்லை, இடுப்பெலும்பு முறிந்தது. 1957இல் வந்த தீர்ப்பு மருத்துவமனைக்குச் சாதகமாயிற்று. பொறுப்புள்ள மருத்துவர் குழு ஒன்று ஏற்கும் நடைமுறையைப் பின்பற்றியிருந்தால் அது கவனக்குறைவு ஆகாது என்பதே அதன் சாரம். எதைச் சொல்வது, எதை விடுவது என்பதை மருத்துவச் சமூகமே முடிவு செய்யலாம் என்று ஆயிற்று. போலம் அளவுகோல் என்னும் பெயரில் அது இந்திய நீதிமன்றங்களுக்கும் வந்து சேர்ந்தது.

2008இல் சமீரா கோலி வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் ஒப்புதலுக்கு முன் நோயாளிக்குத் தரவேண்டிய தகவல்களை வகுத்தது: சிகிச்சையின் தன்மை, நோக்கம், மாற்று வழிகள், குறிப்பிடத்தக்க அபாயங்கள், சிகிச்சையை மறுத்தால் நேரக்கூடியவை. ஆயினும் அரிதான அபாயங்களை எல்லாம் கூற வேண்டியதில்லை என்றும், அமெரிக்க நீதிமன்றங்கள் வகுத்த உயர்ந்த அளவுகோல் இந்தியச் சூழலுக்குப் பொருந்தாது என்றும் அது கருதியது. இப்பின்னணியில் 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் 22ஆம் பிரிவு ஒரு பெருந்தாவல். பக்கவிளைவு என்ற சொல்லையே அது சட்டத்துக்குள் கொண்டுவந்து, அதை அறிவது நோயாளியின் உரிமை என்றது. சிகிச்சை தொடங்கும் வேளையில் அவர் கேட்டறியும் நிலையில் இல்லையெனில், அந்நிலையை எட்டியதும் தாமதமின்றி முழுத் தகவலையும் தரவேண்டிய கடமை மருத்துவருக்கு உண்டு. போலமுக்குத் தரப்பட்டது போன்ற, தசைத் தளர்வும் மயக்க மருந்தும் இல்லாத மின்னதிர்ச்சியை இதே சட்டத்தின் 95ஆம் பிரிவு தடை செய்கிறது.

தராசின் மறுதட்டையும் மறத்தலாகாது. மருந்து உட்கொள்ளாமல் இருப்பதற்கும் பக்கவிளைவுகள் உண்டு. அவை எந்த மருந்துப் பெட்டியிலும் அச்சிடப்படுவதில்லை. கர்நாடகத்தின் தீர்த்தஹள்ளி வட்டத்தில் நிம்ஹான்ஸ் ஆய்வாளர்கள் மனச்சிதைவு உடையோரைச் சமூகத்திலேயே கண்டறிந்து தொடர்ந்து கவனித்தனர். சிகிச்சை பெற்றோரின் இயலாமை குறைந்தது. சிகிச்சை பெறாதோரிடம் அத்தகைய முன்னேற்றம் இல்லை. நிம்ஹான்ஸ் முன்னின்று 12 மாநிலங்களில் நடத்திய 2015-16ஆம் ஆண்டின் தேசிய மனநல ஆய்வு, வெவ்வேறு மனநோய்களில் 70 முதல் 92 விழுக்காட்டினர் வரை சிகிச்சைக்கு வெளியே இருப்பதாகக் கண்டது. பக்கவிளைவு பற்றிய பேச்சு அச்சமூட்டுவதாக மட்டும் அமைந்தால் இந்த எண்ணிக்கை கூடும்.

இந்தியக் குடும்பங்களில் இவ்வெடைபோடல் பெரும்பாலும் நோயாளியைத் தாண்டியே நடக்கிறது. மருந்தை மறுப்பவருக்குச் சோற்றிலோ காப்பியிலோ கலந்து தருவது பல வீடுகளில் நடப்பதே. அதன் அறம் குறித்து இந்திய உளமருத்துவர்களிடையே நீண்ட விவாதமும் உண்டு. செய்பவர்கள் கொடியவர்கள் அல்லர். இரவெல்லாம் விழித்துக் களைத்த தாயும் தமையனுமே. ஆனால் உண்டது என்னவென்று அறியாதவர் தன் நாக்கு தடித்ததையும் கை விறைத்ததையும் யாரிடம் சொல்வார்? தனக்கு யாரோ நஞ்சிடுகிறார்கள் என்ற ஐயமே நோயாக இருப்பவருக்கு, அந்த ஐயம் உண்மையாகிவிடும் கணமும் வரக்கூடும்.

ஆகவே முதல் மாத்திரைக்கு முன்னான உரையாடலில் சில கேள்விகள் கட்டாயம் இடம்பெற வேண்டும். எந்த விளைவு முதல் சில நாள்களில் தோன்றித் தணியும்? எது மெல்லக் கூடும்? உடல் எடையும் சர்க்கரையும் எவ்வளவு கால இடைவெளியில் சோதிக்கப்படும்? மாதவிலக்கு, தாம்பத்திய வாழ்வு, கருவுறுதல் ஆகியவற்றை இது பாதிக்குமா? எந்த அறிகுறி கண்டால் அன்றே மருத்துவமனைக்கு வர வேண்டும்? பலன் தெரிய எத்தனை வாரம் ஆகும்? நிறுத்துவதாயின் எப்படிப் படிப்படியாக நிறுத்துவது? மருந்தே வேண்டாமென்றால் நேரக்கூடியது என்ன? தம் மொழியில் இவற்றுக்கு விடை பெற்றவர், வாய் உலர்ந்ததும் மருந்தை வீசிவிட மாட்டார். நடுக்கம் கண்டதும் மருத்துவரிடம் திரும்பி வருவார்.

சர்ப்பகந்தி முதல் க்ளோசபின் வரையிலான வரலாறு ஒன்றை உறுதிப்படுத்துகிறது. பக்கவிளைவு கண்டறியப்பட்டதால் மட்டும் இம்மருந்துகளுள் எதுவும் அழிந்துவிடவில்லை. அதை எவ்வாறு பதிவு செய்தனர், கண்காணித்தனர், நோயாளியுடன் பேசினர் என்பதே அதன் விதியை நிர்ணயித்தது. சட்டம் தராசை நோயாளியின் கையில் கொடுத்துவிட்டது. அதன் முள் காட்டும் எண்ணை அவர் படிக்கக்கூடிய மொழியில் எழுதும் பணி, மருத்துவக் கல்விக்கும் மொழித்துறைகளுக்கும் பொதுவானது. ஒக்கலிபுரத்தில் தமிழிலும், அடுத்த தெருவில் கன்னடத்திலும் உருதுவிலும் அது எழுதப்பட வேண்டியிருக்கிறது.