கொம்பு இடம் மாறிய கதை

கூடங்குளம் பேருந்து நிறுத்தத்தில் ஒரு மாலை என் மாணவன் ஒருவன் தன் கைபேசியையும் என் கைபேசியையும் அருகருகே வைத்துப் பார்த்துவிட்டுக் கேட்டான்: "சார், நீங்க அனுப்பினது என் போன்ல வேற மாதிரில்லா தெரியுது. எழுத்து வேறயா, இல்ல போன் வேறயா?"

அவனுடையது ஆண்ட்ராய்டு. என்னுடையது அப்போது ஐபோன். செய்தியில் ஒரு சொல்லும் மாறவில்லை. ஆனால் எழுத்தின் தடிப்பும் வளைவும் மாறியிருந்தன. "நல்ல கேள்வி, நாளை சொல்கிறேன்" என்று கூறிப் பேருந்தில் ஏறிவிட்டேன். உண்மையில் அதற்கு விடை சொல்ல எனக்கு ஒரு நாள் போதவில்லை.

வாசகர்களே, நான் எட்டாண்டுகள் ஆண்ட்ராய்டில் பழகியவன். 2021-இல் வளைகுடா நாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்த என் அத்தான் தாம் பயன்படுத்திய ஐபோனைக் கொடுத்துவிட்டுப் போனார். இரண்டாண்டு அதை வைத்திருந்து, 2023-இல் மீண்டும் ஆண்ட்ராய்டுக்கே வந்துவிட்டேன். எது மேல் என்று பலரும் கேட்கிறார்கள். ஐபோனுக்கு மென்பொருள் புதுப்பிப்பு நெடுநாள் வருகிறது, விலையோ அதிகம். ஆண்ட்ராய்டு எல்லா விலையிலும் கிடைக்கிறது. திரை உடைந்தால் எங்கள் ஊர்க் கடையிலேயே மாற்றிக்கொள்ளலாம். மின்னேற்றும் கம்பிகூட முன்பு வேறாக இருந்தது. ஐரோப்பிய ஒன்றியம் சட்டம் இயற்றிய பின், 2023-இல் வந்த ஐபோன் 15 முதல் அதுவும் ஒன்றாகிவிட்டது. இத்தகைய ஒப்பீடுகள் அடுத்த ஆண்டே பழசாகிவிடும். எனக்குச் சுவையாகப் பட்டது வேறொன்று. ஒரு தளத்திலிருந்து மறுதளத்துக்குப் போகும்போது எது நம்முடன் வருகிறது, எது தங்கிவிடுகிறது?

என் தாயாரும் நானும் பல ஆண்டுகளாகத் தமிழில் எழுதிக்கொண்ட செய்திகள் பழைய பேசியில் இருந்தன. அவற்றை அப்படியே புதிய பேசிக்கு மாற்ற 2021-இல் எனக்கு வழி அமையவில்லை. ஆகவே உரையாடலை ஓர் உரைக்கோப்பாக வெளியே எடுத்து, ஐபோனில் திறந்தேன். படங்கள் இல்லை. ஆனால் "சோறு தின்னியா" என்ற கேள்வி முதல் எல்லாமே ஓர் எழுத்துக் குறையாமல் வந்துவிட்டன.

அதே மாதம் ஒரு குறுந்தட்டு என் கைக்கு வந்தது. என் பள்ளி இயற்பியல் ஆசிரியர் மறைந்த பிறகு அவர் மகன் கொடுத்தது. 2003-ஆம் ஆண்டளவில், அச்சகம் ஒன்றில் கணிப்பொறியில் தட்டச்சு செய்து வைத்த தமிழ்ப் பாடக்குறிப்புகள் அதில் இருந்தன. கோப்பு திறந்தது. தமிழ் இல்லை. ஆங்கில எழுத்துகளும், மேற்கோள் குறிகளும், எந்த மொழி என்றே தெரியாத குறிகளும் பக்கம் பக்கமாக வரிசை கட்டி நின்றன. ஆண்ட்ராய்டிலும் அப்படித்தான், ஐபோனிலும் அப்படித்தான்.

அம்மாவின் சொற்கள் தளம் கடந்தன. ஆசிரியரின் சொற்கள் கடக்கவில்லை. ஏன்?

கணிப்பொறிக்கு எழுத்து தெரியாது. எண் மட்டுமே தெரியும். எந்த எழுத்துக்கு எந்த எண் என்பது மனிதர் செய்துகொள்ளும் உடன்பாடு. ஆங்கிலத்துக்கு அந்த உடன்பாடு 1960-களிலேயே ஏற்பட்டுவிட்டது. தமிழுக்கோ, 1980-களிலும் 90-களிலும் எழுத்துரு செய்தவர் ஒவ்வொருவரும் தமக்குத் தோன்றிய எண்ணைக் கொடுத்தனர். சிலர் ஆங்கில எழுத்துக்குரிய இடங்களிலேயே தமிழ் வடிவங்களை வரைந்து வைத்தனர். அந்த எழுத்துரு உள்ள கணிப்பொறியில் தமிழ் தெரியும். இல்லாத கணிப்பொறியில் வெறும் குப்பை தெரியும். ஆசிரியரின் குறுந்தட்டில் நேர்ந்தது இதுதான்.

இதைச் சீர்செய்ய முயற்சி நடக்காமல் இல்லை. 1997-இல் சிங்கப்பூரிலும், 1999 பிப்ரவரியில் சென்னையிலும் தமிழிணைய மாநாடுகள் கூடின. சென்னை மாநாட்டின் பயனாக 'தமிழ்99' என்னும் விசைப்பலகையும், 'டாம்', 'டாப்' என்னும் இரு குறியீட்டு முறைகளும் தமிழக அரசின் ஏற்பைப் பெற்றன. விசைப்பலகை அழகிய அமைப்பு. உயிர் இடக்கையில், மெய் வலக்கையில். 'க' விசையை இருமுறை தட்டினால் புள்ளி தானே விழுந்து 'க்க' ஆகிவிடும். 'ங' தட்டி 'க' தட்டினால் 'ங்க'. தமிழ்ச் சொல்லின் இயல்பே அங்கு விதியாகிவிட்டது. ஆனால் குறியீட்டு முறைகள் நிலைக்கவில்லை. ஏனெனில் அதற்குள் உலகளாவிய வேறோர் உடன்பாடு வளர்ந்துகொண்டிருந்தது.

அதுதான் ஒருங்குறி எனப்படும் யூனிகோடு. ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஜோ பெக்கர் 1988-இல் அதன் வரைவை எழுதினார். ஆப்பிள் நிறுவனப் பொறியாளர்கள் தொடக்கத்திலேயே சேர்ந்துகொண்டனர். முதற்பதிப்பு 1991-இல் வெளிவந்தது. சந்தையில் ஒருவரையொருவர் வீழ்த்த முனைந்த நிறுவனங்கள் இதற்கு மட்டும் ஒரே மேசையில் அமர்ந்தன என்பதை நினைத்துப் பாருங்கள். தமிழுக்கு 128 இடங்கள் ஒதுக்கப்பட்டன. இந்திய அரசின் 'இஸ்கி' முறையைப் பின்பற்றி அமைத்ததால், நம் 247 எழுத்துகளுக்கும் தனித்தனி எண் கிடைக்கவில்லை. 'க' என்பதற்கு 2965; புள்ளிக்கு 3021; ஒகரக் குறிக்கு 3018. 'கொ' என்ற ஓரெழுத்து, 2965, 3018 என்னும் ஈரெண் ஆயிற்று. எங்கள் ஊர்ப் பெயரில் கண்ணுக்குத் தெரிவன ஆறு எழுத்துகள். கைபேசிக்குள் அவை பத்து எண்கள்.

உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனி எண் வேண்டும் என்று தமிழறிஞர் பலர் வாதிட்டனர். அந்த வாதத்தில் நியாயம் உண்டு. 2010-இல் தமிழக அரசு ஒருங்குறியை ஏற்றபோது, அவ்வாறு தனி எண் தரும் 'டேஸ்16' முறையையும் உடன் ஏற்றது. எனினும் கைபேசிகளில் வென்றது ஒருங்குறியே. சிறந்த முறை என்பதால் வென்றது என்று நான் கூறமாட்டேன்; எல்லாரும் ஒப்புக்கொண்ட முறை என்பதால் வென்றது.

இப்போது கொம்புக்கு வருவோம். பழைய தட்டச்சுப் பொறியில் 'கெ' எழுத, முதலில் கொம்பைத் தட்டி அடுத்துக் ககரத்தைத் தட்டுவார்கள். கண் காணும் வரிசை அது. ஒருங்குறியிலோ ஒலிக்கும் வரிசை: ககரம் முன், எகரக் குறி பின். பின்னால் வரும் எண்ணுக்குரிய கொம்பை, திரையில் ககரத்துக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். 'கொ' என்றால் கொம்பு இடப்புறமும் கால் வலப்புறமும் பிரிந்து நிற்க வேண்டும். இந்த வேலையை யார் செய்வது?

இங்குதான் இரு தளங்களும் வழி பிரிந்தன. ஆப்பிள் தன் கணிப்பொறிகளுக்காக 1990-களில் வகுத்த முறையில், கொம்பை இடம் மாற்றும் விதி எழுத்துருவுக்குள்ளேயே எழுதப்பட்டது. எழுத்துரு வரைபவரே இலக்கணமும் எழுத வேண்டும். மைக்ரோசாஃப்டும் அடோபியும் உருவாக்கிய 'ஓபன்டைப்' முறையில், எழுத்துரு வடிவங்களைத் தரும். கொம்பு எங்கே நிற்கும் என்பது இயங்குதளத்திலுள்ள ஒரு நிரலுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆண்ட்ராய்டு இவ்வழியில் சென்றது. 'ஹார்ஃப்பஸ்' என்னும் கட்டற்ற நிரல் அங்கு இவ்வேலையைச் செய்கிறது. இப்போது ஆப்பிள் பேசிகள் இருவகை எழுத்துருக்களையும் ஏற்கின்றன. ஆனால் தொடக்கம் இருவேறு கொள்கைகள்.

கொள்கை இருந்தால் போதுமா? முதல் ஐபோன் 2007 ஜூனிலும், முதல் ஆண்ட்ராய்டு பேசி 2008 அக்டோபரிலும் விற்பனைக்கு வந்தன. தொடக்க கால ஆண்ட்ராய்டில் தமிழ் எழுத்துருவே இல்லை. தமிழ் வரவேண்டிய இடத்தில் வெற்றுக் கட்டங்கள் வரும். எழுத்துரு கிடைத்த பேசியிலும் கொம்பு இடம் தவறி வலப்புறம் நிற்கும். அக்காலத்தில் மாணவர்களாக இருந்தவர்களுக்கு ஒரு தந்திரம் நினைவிருக்கும். ஓபரா மினி உலாவியின் உள்ளமைப்பில் ஒரு வரியை மாற்றினால், தொலைவிலுள்ள கணிப்பொறி தமிழைப் படமாக வரைந்து அனுப்பும். எழுத்தைப் படிக்கப் படத்தை வரவழைத்தோம்! 2011, 2012-இல் 4.0, 4.1 பதிப்புகள் வந்த பிறகே பெரும்பாலான ஆண்ட்ராய்டு பேசிகளில் கொம்பு தன் இடத்துக்கு வந்தது. 2014-இல் வந்த 5.0 பதிப்பில் பட்டியல்களையே தமிழில் காண முடிந்தது. பின்னர் கூகுள் வெளியிட்ட 'நோட்டோ' எழுத்துருக்களின் பெயரே அந்த வெற்றுக் கட்டங்களைக் குறித்ததுதான். அவற்றை 'டோஃபு' என்று கேலியாக அழைப்பர். டோஃபு இல்லை என்பதன் சுருக்கம் நோட்டோ.

ஐபோன் பக்கத்தில் தமிழின் வரலாறு பெரும்பாலும் ஒரு தனிமனிதரின் உழைப்போடு பிணைந்தது. மலேசியாவைச் சேர்ந்த முத்து நெடுமாறன் 1985-இலேயே 'முரசு அஞ்சல்' மென்பொருளைத் தொடங்கியவர். 2005-இல், இவ்விரு தளங்களும் பிறக்காத நாளிலேயே, அவருடைய 'செல்லினம்' சிங்கப்பூரில் வெளியாகி, சாதாரணக் கைபேசியில் தமிழ்க் குறுஞ்செய்தி அனுப்ப வழி செய்தது. ஆப்பிள் கருவிகளில் நாம் காணும் 'சங்கம்' தமிழ் எழுத்துரு அவர் வரைந்தது. என் மாணவன் கண்ட தடிப்பு வேறுபாடு இதுவே: ஒரு பேசியில் சங்கம், மறு பேசியில் நோட்டோ. 2013 செப்டம்பரில் வந்த ஐஓஎஸ் 7-இல் தமிழ்99, அஞ்சல் ஆகிய விசைப்பலகைகள் ஐபோனுக்குள்ளேயே அமைந்தன. செல்லினம் ஆண்ட்ராய்டிலும் கிடைப்பதால், பேசி மாறினாலும் என் விரல்கள் பழைய பழக்கத்தைக் கைவிட வேண்டியதில்லை.

அடுத்த மாதம், 2013 அக்டோபரில், எங்கள் ஊர் அணுமின் நிலையத்தின் முதல் உலை மின்தொகுப்புடன் இணைக்கப்பட்டது. வகுப்பில் நான் இவ்விரண்டையும் சேர்த்தே சொல்வதுண்டு. கூடங்குளம் உலை சாதாரண நீரும் செறிவூட்டிய யுரேனியமும் கொள்வது. கல்பாக்கத்து மின் உலைகள் கனநீருக்கும் இயற்கை யுரேனியத்துக்கும் ஏற்ப அமைந்தவை. உள்ளே எல்லாம் வேறு. வெளியே வரும்போது இரண்டும் நொடிக்கு 50 சுற்று மாறுமின்னோட்டத்தைத்தான் தொகுப்புக்குத் தர வேண்டும். 2965 என்பதும் அப்படிப்பட்ட ஓர் எண்.

இந்த ஏற்பாடு எங்கும் பிசகுவதில்லை என்று எண்ண வேண்டா. 2018 பிப்ரவரியில், தெலுங்குக் கூட்டெழுத்து ஒன்றைக் காட்ட முயன்ற ஐபோன்களில் செயலிகள் நின்றுபோயின. சில நாட்களில் வந்த 11.2.6 பதிப்பு அதைச் சரிசெய்தது. தமிழிலும் ஒரு சிக்கல் உண்டு. தாமிரபரணியின் கடைசி அணைக்கட்டு இருக்கும் ஸ்ரீவைகுண்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் முதலெழுத்தை 3000 என்னும் ஸகரத்தில் தொடங்கலாம். 2005-இல் சேர்க்கப்பட்ட 2998 என்னும் எழுத்திலும் தொடங்கலாம். பெரும்பாலான எழுத்துருக்களில் இரண்டும் ஒரே வடிவமாகத் தெரியும். எண்ணோ வேறு. ஒரு விதத்தில் எழுதிவைத்த ஊரை மறு விதத்தில் தேடினால், கண்முன் இருந்தும் அகப்படாமல் போகலாம்.

போட்டியில் தோற்ற தளங்களையும் மறக்கலாகாது. ஸ்ரீபெரும்புதூரில் 2006-இல் தொடங்கிய நோக்கியா ஆலை ஆயிரக்கணக்கானோருக்கு வேலை தந்தது. 2011-இல் நோக்கியா தன் சிம்பியன் தளத்தைக் கைவிட்டு விண்டோஸ் பக்கம் சாய்ந்தது. 2014-இல் அதன் கைபேசிப் பிரிவு மைக்ரோசாஃப்டுக்குச் சென்றபோது, வரி வழக்கில் சிக்கிய அந்த ஆலை மட்டும் விற்பனையில் சேரவில்லை. அவ்வாண்டு நவம்பர் 1-இல் உற்பத்தி நின்றது. விண்டோஸ் பேசியும் பின்னர் வழக்கொழிந்தது. அந்தப் பேசிகளில் எழுதப்பட்ட ஒருங்குறித் தமிழை இன்று எந்தப் பேசியிலும் படிக்கலாம். அதை உருவாக்கிய கைகள்தாம் வேறு வேலை தேடிப் போயின.

ஆசிரியரின் குறுந்தட்டு என்னவாயிற்று? அவர் பயன்படுத்திய எழுத்துரு எதுவென்று யாருக்கும் நினைவில்லை. நல்ல வேளையாக, ஒளியியல் பாடத்தின் அச்சிட்ட தாள் ஒன்று வீட்டில் அகப்பட்டது. பேருந்து நிறுத்தத்தில் கேள்வி கேட்ட அதே மாணவனும் நானும், தாளில் உள்ள எழுத்தையும் கோப்பில் உள்ள குறியையும் ஒவ்வொன்றாக ஒப்பிட்டு ஓர் அட்டவணை தயாரித்தோம். கொம்பு முதலில் வருகிறது என்று கண்டதும் அவன் துள்ளிவிட்டான்: தட்டச்சுப் பொறியின் வரிசை! பிறகு, கொம்பைப் பின்னுக்குத் தள்ளி எண்ணை மாற்றும் சிறு நிரலை அவனே எழுதினான். பதினான்கு பாடங்களில் பதினொன்று மீண்டுவிட்டன. மீதி மூன்றில் சில குறிகள் எந்த எழுத்தென்று பிடிபடவில்லை. அவை அந்த அச்சிட்ட தாளில் ஓரிடத்திலும் வரவில்லை. மீண்ட பாடங்களை அவன் ஆண்ட்ராய்டிலிருந்து ஆசிரியரின் மகனுக்கு அனுப்பினான். அவர் வைத்திருப்பது ஐபோன்.