சிறுநீர்ப்பையின் கணக்கில் இரண்டு அறுவைகள்

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பிய பெண்களிடம் பேசிப் பாருங்கள். நோயைப் பற்றியெல்லாம் சொல்லி முடித்த பிறகு, சிலர் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள்: "ஒண்ணுக்கு வர்றதே தெரிய மாட்டேங்குது." சிறுநீர் முட்டும் உணர்வே போய்விட்டதால், மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை செல்போனில் அலாரம் வைத்துக்கொண்டு கழிப்பறைக்குப் போகிறவர்கள் உண்டு. போய் உட்கார்ந்தாலும் எளிதில் இறங்காது. அடிவயிற்றை அழுத்தி, முக்கிப் பார்த்தும் பாதி உள்ளேயே தங்கிவிடும். தங்கிய சிறுநீரில் கிருமி சேரும். காய்ச்சலும் எரிச்சலும் வரும்.

இந்த அவதி யாருக்கு வரும், யாருக்கு வராது என்பது பெரும்பாலும் அறுவையின் வகையைப் பொறுத்தது: எளிய நீக்கமா, விரிந்த நீக்கமா.

எளிய நீக்கத்தில் கர்ப்பப்பையையும் அதன் வாயையும் எடுப்பதோடு சரி. விரிந்த நீக்கம் வியன்னா மருத்துவர் எர்ன்ஸ்ட் வெர்ட்ஹைம் 1898-இல் தொடங்கி வளர்த்த வழி. அதில் கர்ப்பப்பையை இருபுறமும் தாங்கும் திசுக்களும் யோனியின் மேல்பகுதியும் சேர்ந்தே போகும். வினை அந்தத் திசுக்களில்தான் இருக்கிறது. முதுகுத்தண்டின் அடியிலிருந்து கிளம்பும் நரம்புகள், மலக்குடலின் ஓரத்தில் வலைபோலப் பின்னி, அந்தத் திசுக்களை ஒட்டியே சிறுநீர்ப்பையை அடைகின்றன. பையைச் சுருங்கவைப்பதும், நிறைந்துவிட்டதென்று மூளைக்குச் சேதி அனுப்புவதும் இவைதான். இவை அறுபட்டால் பை சுருங்கவும் மறக்கும், சொல்லவும் மறக்கும்.

அப்படியானால் அகலமாக வெட்டியதற்கு உயிராவது கூடுதலாகக் காக்கப்படுகிறதா? கனடாவின் மாரி பிளாண்ட் தலைமையில் நடந்த 'ஷேப்' ஆய்வு இதற்கு 2024-இல் பதில் சொன்னது. கட்டி 2 செ.மீ.க்கு மேற்படாத, ஆழமாக ஊடுருவாத 700 பெண்களில் பாதிப்பேருக்கு எளிய நீக்கம், பாதிப்பேருக்கு விரிந்த நீக்கம். மூன்றாண்டுகளில் இடுப்புக்குள் நோய் திரும்பிய விகிதம் எளியதில் 2.52%, விரிந்ததில் 2.17%. ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் நான்கு வாரங்களுக்குப் பிறகும் சிறுநீர் வெளியேறாமல் தேங்கும் சிக்கல் எளியதில் 0.6% பேருக்கு, விரிந்ததில் 9.9% பேருக்கு. சிறுநீர்க் கசிவு 4.7%, 11.0%. சிறு கட்டிக்குப் பெரிய வெட்டு தேவையில்லை என்று இதற்கு மேலும் தெளிவாகச் சொல்ல முடியாது.

கட்டி பெரிதாக இருந்தால் கதை வேறு. அங்கே எளிய நீக்கம் போதும் என்று இந்த ஆய்வு சொல்லவில்லை. உயிரைப் பணயம் வைக்கக் கூடாது. அப்போதும் ஜப்பானிய மருத்துவர்கள் வளர்த்தெடுத்த நரம்பு காக்கும் முறை இருக்கிறது. நரம்புகளைத் தேடிப் பிரித்து ஒதுக்கிவிட்டு வெட்டுவதால், பலருக்குச் சிறுநீர்ப்பை சீக்கிரமே வேலைக்குத் திரும்புகிறது. அதற்கும் மீறித் தேங்கினால், தாமே மெல்லிய குழாய் செருகிச் சிறுநீரை வெளியேற்றப் பழகிக்கொள்ளலாம். 1972-இல் அமெரிக்க மருத்துவர் ஜாக் லாபிடஸ் பரவலாக்கிய இந்த வழியில் கூச்சப்பட எதுவும் இல்லை.

கையெழுத்துப் போடும் முன் கேளுங்கள்: என் கட்டி எத்தனை செ.மீ.? எனக்கு எந்த வகை ஆபரேஷன்? நரம்பைக் காக்க முடியுமா? ஆபரேஷனுக்காகப் போட்ட சிறுநீர் டியூபை எடுத்த பிறகு, சிறுநீர் கழித்தும் உள்ளே எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று ஸ்கேனில் பார்க்காமல் வீட்டுக்குக் கிளம்பாதீர்கள்.